ஒரு மில்லி

ஒரு சிரிஞ்சில் ஒரு மில்லிதான்.
இரண்டு கன்னத்துக்கும் இரண்டு வேண்டும் என்றார்
டாக்டர் நுஸ்ரத்.
ஒன்றுக்குத்தான் வைத்திருந்தேன்,
அதுவும் தள்ளி எடுத்த சீட்டுப் பணம்.

ராயக்கோட்டை ரோட்டில்
மருந்துக் கடைக்கு மேல்மாடி.
மரத்துப்போக க்ரீம் பூசி
நாற்பது நிமிடம் உட்காரவைத்தார்கள்.
ஜன்னல் நிறைய சையத் பாஷா மலை.
உதடு என்னுடையது இல்லை என்று ஆகும்வரை
அந்தப் பாறையில்
எத்தனை கன மீட்டர் தேறும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
இருபத்திரண்டு வருஷம் கிரானைட் கம்பெனி,
புத்தி அப்படித்தான் போகும்.

பர்கூர் தாண்டி எங்கள் ஆலை.
கப்பலேறும் பலகைகளுக்கு
படம், விலை, கடிதம் எல்லாம் நான்.
மாதம்மா என்று சொன்னால்
மேடம் என்று கேட்டுக்கொள்வார்கள்
போலந்துக்காரர்கள்.
நானும் திருத்தியதில்லை.

போன மாசம் வீடியோ காலில்
என் சதுரத்தை நானே பார்த்தேன்.
மூக்கோரம் கிளம்பி வாய்க்கோடிவரை
இரண்டு மடிப்பு. இடது கூடுதல் ஆழம்,
தோளுக்கும் தாடைக்கும் நடுவே
போனை இடுக்கி
லாரிக்காரர்களைத் திட்டிய பக்கம்.
அந்தப் பக்கத்து மனிதர்
"நீங்கள் ஓய்வெடுங்கள், நாளை பேசலாம்" என்றார்.
எனக்குக் களைப்பே இல்லை.
அதுதான் எரிச்சல்.
பெங்களூர் ஸ்டாலுக்கு இந்த வருஷம்
தீப்தி போகட்டும் என்றார் முதலாளி.
காரணம் சொல்லவில்லை.
நல்ல மனிதர், காரணம் சொல்லமாட்டார்.

டாக்டர் வெள்ளைப் பென்சிலால்
முகத்தில் கோடு இழுத்தார்,
புள்ளி வைத்தார், ஓரிடத்தில் பெருக்கல் குறி.
எங்கள் ஆலையில் அதற்குச் சிவப்புச் சாக்பீஸ்.
நூல் விரிசல் ஓடும் இடத்தை வளைத்துவிட்டால்
சின்னபையன் வருவார்,
ரெசின் ஊற்றுவார், காயவைத்துத் தேய்ப்பார்,
பாலிஷ் ஏறின பிறகு
எனக்கே இடம் தெரியாது மேடம் என்பார்.
பொய். அவருக்குத் தெரியும்.

"பாதிப் பாதி போடட்டுமா?"
"இடதுக்கே முழுசும் போடுங்க."
"கோணிக்கும்மா."
ஆறும் நாலுமாக முடிவானது,
பாகப்பிரிவினை போல.

ஊசி வலிக்கவில்லை.
சத்தம்தான்.
தோலுக்கடியில் நறநறவென்று
கரும்பு மெல்கிற சத்தம்,
மெல்வது நான் இல்லை.
ஒன்பது மாசம், மிஞ்சினால் ஒரு வருஷம் நிற்கும்,
பிடிக்கவில்லை என்றால்
கரைக்கவும் ஊசி இருக்கிறது என்றார்.
கல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வீட்டில் ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தேன்.
"பல்லா?" என்றார் அவர்.
பல்தான் என்றேன்.

மறுநாள் கேட்டில்
முகம் பார்த்துத் திறக்கிற மெஷின்
மீண்டும் முயலவும் என்றது.
கிட்டே போனேன்.
மீண்டும் முயலவும்.
கண்ணாடியைக் கழற்றினேன், பொட்டைச் சரிசெய்தேன்.
பின்னால் வரிசை நீண்டது.
சின்னபையன் எட்டி ஒரு பார்வை பார்த்தார்,
பலகைமேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
பார்ப்பாரே, அதே பார்வை.
"அளவாத்தான் ஊத்தியிருக்காங்க" என்றார்
என் காதுக்கு மட்டும்.
"வலப் பக்கம் கொஞ்சம் பத்தலை."

சிரித்தேன். இழுத்து வலித்தது.
மெஷினுக்குச் சிரிப்பும் அடையாளம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து
கல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று
எடைமேடையை மறித்துக் குறுக்கே நின்றது.
திரும்பி, பெயர் சொல்லி,
அவன் அப்பன் பெயரும் சொல்லி
ஒரு சத்தம் போட்டேன்.
போட்ட வேகத்தில் முகத்தைத் திருப்பினால்
பச்சை விளக்கு.
மாதம்மாள், எட்டு ஐம்பத்தெட்டு, வருகை பதிவானது.

கேட் திறந்தது.
நடந்துகொண்டே கணக்குப் பார்த்தேன்.
வலதுக்கு ஆவணியில்
இன்னொரு சீட்டு எடுக்கலாம்.