பிடித்தம்

ஒரெஸ்ட், நீ சோபாவில் குறட்டை விடுகிறாய்.
பூமிக்கடியில் ஒரு கிலோமீட்டர், இரவு ஷிஃப்ட்.
பொட்டாஷ் உப்பு இன்னும் உன் காது மடிப்பில்.
சாஸ்கட்சுவான் முழுக்க மைனஸ் முப்பத்திரண்டு.
உன் டி-ஃபோர் தபாலில் வந்திருக்கிறது.
வருடாவருடம் இதைப் படிப்பவள் நான்தான்.

பதினான்காம் கட்டம், நீ சம்பாதித்தது.
யாரோ பணக்காரர் வீட்டுத் தபாலோ என்று
உறையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு, அதில் அரசு எடுத்துக்கொண்டது.
சரி, நம் வீட்டுத் தபால்தான்.

பதினாறு, நீ கிழவனாவாய் என்ற நம்பிக்கை.
பதினெட்டு, வேலை போனால் வரும் காசு;
வேலை போகாதவரை போகும் காசு.
நாற்பத்து நான்கு, யூனியன் சந்தா:
கேட் வாசலில் பீப்பாய்க்குள் விறகு எரித்து
பதினோரு நாள் நின்றோமே, அந்த நெருப்புக்கு.
ஐம்பத்திரண்டில் ஓர் எண்.
வரவும் இல்லையாம், செலவும் இல்லையாம்.
சம்பளப் பிரிவு மார்லீஸ் இரண்டு முறை விளக்கினாள்.
போனிலேயே தலையாட்டி வைத்தேன்.

நாற்பத்தாறு எப்போதும் காலி.
இந்த முறை, இருநூற்றெட்டு டாலர்.

நன்கொடை!
டீ பையை மறுபடி முக்குகிறவன்,
சர்ச்சில் தட்டு வரும்போது
ஷூ லேஸ் கட்டக் குனிகிறவன், நீயா?
அச்சுப் பிழை என்றே நினைத்து
டிராயரிலிருந்த சம்பளச் சீட்டுகளைப் பரப்பினேன்.
எட்டு டாலர். எட்டு டாலர். இருபத்தாறு தடவை.
பக்கத்தில் சுருக்கிய ஒரு பெயர்,
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால்
ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்.

முந்தைய நவம்பரில்
வெண்டலை மேலே கொண்டுவந்த இரவு
பார்க்கிங்கில் அது இறங்கியதாக
லூபாதான் எனக்குச் சொன்னாள்.
நீ பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேரேஜில் உட்கார்ந்து
நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்னோ-ப்ளோவரைப்
பிரித்துப் பிரித்து மாட்டினாய்.
ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. இன்னும் ஜன்னல் விளிம்பில் இருக்கிறது.
வெண்டல் இப்போது கைத்தடியோடு
கர்லிங் பார்க்க வருகிறான், நடுவரைத் திட்டுகிறான்.

மற்றதெல்லாம் கேட்காமல் பிடித்தார்கள்.
இதை மட்டும்
எங்கோ ஒரு கவுண்டரில், கையுறையைக் கழற்றி,
கையெழுத்துப் போட்டு
நீ பிடிக்கச் சொல்லியிருக்கிறாய்.
கணக்குக்காரர்களுக்கு அதன் பெயரும் பிடித்தம்தான்.

"ரீஃபண்ட் உண்டா?"
கண்ணைத் திறக்காமலே கேட்கிறாய்.

கொஞ்சம் உண்டு.
இன்னும் கூட்டி முடிக்கவில்லை, தூங்கு.