இறங்குமுகக் கடிகாரம்

ஆல்ஸ்மேர் பூ ஏலத்தில் விலை ஏறாது.
நூறில் தொடங்கி இறங்கும்.
சிவப்புப் புள்ளி ஒன்று வட்டத்தைச் சுற்றிவரும்,
முதலில் பொத்தானை அழுத்தியவனுக்குப் பூ.
முந்தினால் நட்டம், பிந்தினால் காலி வண்டி,
இரண்டுக்கும் நடுவே ஒரு விரலின் அகலம்.
இருபத்தாறு வருடமாக
அந்த அகலத்தில்தான் என் பிழைப்பு.

விடிகாலை நாலரைக்குக் குளிர்கிடங்கு.
வாளிகளுக்கு இடையே சும்மா நடப்பேன்,
குறிப்பெடுப்பதில்லை.
ரின்ஸெமா எடுப்பான், காதில் பென்சில் செருகி,
காம்புக்குக் காம்பு கணக்கு.
ஆறரைக்குக் கூடத்தில் அவன் எனக்கு முன்வரிசை.

மார்ச்சில் ஒரு செவ்வாய், வெள்ளை ரனங்குலஸ்.
எழுபது, அறுபத்தாறு, அறுபத்திரண்டு.
ரின்ஸெமாவின் வலது தோள் லேசாக எழும்பியது.
என் விரல் விழுந்தது.
உள்ளுணர்வு என்றேன்,
காபி இயந்திரத்தின் முன் நின்று, யாரும் கேட்காமலே.
நாற்பது வாளி.
வியாழனுக்குள் இதழ் விளிம்பெல்லாம் தேநீர்க் கறை.
அவன் தும்மப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் மஞ்சள் ஃப்ரீஸியா.
கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.
ஐம்பது, நாற்பது, முப்பதுக்கும் கீழே,
கூடம் முழுக்க முதுகுகள் நிமிர்கின்றன,
என் விரல் மட்டும் பொத்தான்மேல்
வெயிலில் படுத்த பூனை மாதிரி.
ஏன் என்று கேட்டேன்.
பூனை வாலைக்கூட அசைக்கவில்லை.
யாரோ வாங்கினார்கள்.
வீடு திரும்பும் வழியில், சாலைக்குமேல்
ஒரு விமானம் வயிறு தெரியத் தாழ்ந்து போகையில்,
மூக்குக்கு நினைவு வந்தது:
நாலரைக்கு அந்த வாளிகளைக் கடந்தபோது
மணமே இல்லை.

அப்படியென்றால் அது முன்னறிவு அல்ல.
பார்த்ததை, முகர்ந்ததை,
நான் மறந்த பிறகும் யாரோ உள்ளே
கணக்கில் வைத்திருக்கிறார்கள்.
மற்றதற்கு நேற்று என்பதே கிடையாது.
ஒரு தோள் போதும் அதற்கு.

இங்கேயே நிறுத்திவிடலாம்தான்.
ஆனால் ஜூனில்
அதே பூனை அதே வெயிலில் படுத்திருக்க
பியோனி முழுவதையும் விட்டுவிட்டேன்.
அந்த வாரம் ஊரே பியோனிக்கு அலைந்தது.
பயமும் அப்படித்தான் படுக்கும்போலிருக்கிறது,
கண்ணை மூடி, காலை நீட்டி.

அக்டோபரில் வீட்ஸ்கெ வந்தாள்.
பிரிந்து மூன்று வருடம்.
லாரிகள் நிற்குமிடத்தில், சைக்கிளை விட்டு இறங்காமல்
ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி,
"லேவார்டன் வீட்டை விற்றாயிற்று, யெல்ட்டெ.
நான் திரும்பி வரலாமா?"

வாய் திறந்தது.
வா என்பதா, வேண்டாம் என்பதா,
எது முந்துகிறதோ அது.
அப்போதுதான் காதில் கேட்டது.
எழுபது. அறுபத்தாறு.
திரும்பிப் பார்த்தேன்.
ஈரத் தார், டீசல் வாடை,
சக்கரத்தில் நசுங்கிய ஒற்றைச் செவ்வந்தி.
எந்த எண்ணும் இறங்கவில்லை.
முன்வரிசையில் யாரும் இல்லை.
கடிகாரமே இல்லாத இடத்தில் கடிகாரம் கேட்டால்
அழுத்தத் துடிப்பது எது என்று
அந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும்.
வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அவசரப்படுத்தவில்லை.
தூறல் விழுந்தது. கையுறையைக் கழற்றினாள்,
மறுபடி மாட்டினாள்.
அதே பழைய சோப்பு.
சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன்,
எண்கள் ஒவ்வொன்றாக அலுத்துப் போகும்வரை.

நாளை சொல்கிறேன் என்றேன்.
சரி என்றாள்.
திருப்பத்தில் மணியடிக்காமல் போனாள்.

காரைத் திறக்கக் கையை வெளியே எடுத்தால்
உள்ளங்கையில் சாவிக்கொத்து,
வீட்டுச் சாவி மட்டும் வளையத்திலிருந்து கழன்று
இரு விரல்களுக்கு நடுவே தனியாக.
எப்போது கழற்றினேன், தெரியவில்லை.

வெதுவெதுப்பாக இருந்தது.