மோட்டார் அறைக்கு மேலே

தித்திவங்சா ஏரிக்கரை,
ஜனவரிச் சனிக்கிழமை, காலை ஏழு.
பறவை எண்ண வந்தவர்கள் ஒன்பது பேர்.
ஆளுக்கொரு அட்டை, ஒரு பென்சில்,
இரண்டு பேருக்கு ஒரு தொலைநோக்கி.
எனக்கு ஜோடியாகக் கிடைத்தவன்
தர்வேஷ், வயது பத்து.
தொலைநோக்கியைத் தருகிற எண்ணம்
அவனுக்கு இல்லை.

மாநகர் மன்றத்து நோராஷிகின்
தாழ்ந்த குரலில் விதிகளைச் சொன்னார்:
ஒரே பறவையை இருமுறை எண்ணாதீர்கள்.
பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.
கேட்டதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

நான் பறவைக்காக வரவில்லை.
வாரம் முழுக்க லிஃப்ட் குழியில்
கிரீஸும் கம்பிவடமுமாய்க் கிடப்பவனுக்கு
சும்மா நடப்பது மறந்துவிட்டது.
இலவசம் என்று போட்டிருந்தது.
பசியாறலும் உண்டென்று
சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

மைனா, நாற்பத்திரண்டு.
"காகத்தை எண்ண வேண்டுமா?"
"காகமும் பறவைதான், அங்கிள்."
காகம், அறுபதுக்கு மேல்.
எவ்வளவு மேல் என்று
கட்டம் கேட்கவில்லை.

தூங்குமூஞ்சி மரத்தில் மாங்குயில்.
மஞ்சள் என்று வாய் திறப்பதற்குள்
இலைக்குள் போய்விட்டது.
குக்குறுவான் எங்கோ
தகரம் தட்டிக்கொண்டே இருந்தது.
அந்தத் தாளம் எனக்குத் தெரியும்.
ரிலே ஒட்டாத பழைய பலகை
இப்படித்தான் அடித்துக்கொள்ளும்,
டொக் டொக் டொக்,
இரண்டு மாடிக்கு நடுவில்
யாரோ மாட்டிக்கொண்டு
மணியை அழுத்திக்கொண்டிருப்பார்கள்.
கேட்டது கட்டத்தில் ஒரு கோடு.

அன்னப் படகின் பிளாஸ்டிக் தலைமேல்
மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்து
கல்லாவில் இருக்கும் முதலாளிபோல
ஏரியைப் பார்த்தது.
மிஸ் லியோங் எண்பது படம் எடுத்தார்.
எண்பது என்று எழுதக்கூடாது என
அவருக்கும் விதியை நினைவூட்டினான் தர்வேஷ்.

ஒன்பதரைக்கு நாசி லெமாக், தே தாரேக்.
நோராஷிகின் ஒரு படத்தை விரித்தார்.
சிலேட்டு நிற முதுகு.
கன்னத்தில் வழியும் கறுப்பு மீசை.
மஞ்சள் வளையத்துக்குள் ஒரு கண்.
"பைரி. குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வரும்.
இந்த வட்டாரத்தில் ஒன்று இருக்கிறது,
பறக்கும்போது பார்த்திருக்கிறோம்.
எங்கே தங்குகிறது என்றுதான் தெரியவில்லை.
யாராவது பார்த்தீர்களா?"

தே தாரேக் தொண்டையிலேயே நின்றது.

செந்தூலில் ஓர் அடுக்குமாடி.
இருபத்தொன்பது மாடி.
அதற்கு மேல் மோட்டார் அறை,
அதற்கும் மேல் என்னைத் தவிர
யாரும் ஏறாத கூரை.
வருடக் கடைசி வந்தால் போதும்,
புறாத் தலைகள், பிய்ந்த கால்கள்,
காற்றுத் துவாரத்தை அடைக்கும் இறகுப் பஞ்சு.
நான்தான் கூட்டுவேன்.
திட்டிக்கொண்டே கூட்டுவேன்.
ஒருநாள் நிமிர்ந்தபோது
விளிம்பில் அது இருந்தது.
மீட்டர் பார்க்க வந்தவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்துவிட்டு
மறுபடி சாப்பிடத் தொடங்கியது.
அதற்கொரு பெயர் இருக்கும் என்று
எனக்குத் தோன்றியதே இல்லை.
பராமரிப்புப் புத்தகத்தில்
"கூரை: குப்பை, அகற்றப்பட்டது" என்று
ஏழு வருடமாய் எழுதிக்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போன வாரம் நிர்வாகம் கூப்பிட்டது.
மேலே என்ன நாற்றம்,
முள்கம்பி அடித்துவிடலாமா?
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் முள்கம்பி.
சொன்னால், ஆள் புழங்காத அந்த இரும்பு ஏணியில்
ஒன்றன்பின் ஒன்றாய் கேமராக்கள்.
அது சாப்பிடும் நேரத்தில்
நான்கூட விளக்குமாற்றை மெதுவாகத்தான் போடுவேன்.

மிஸ் லியோங் உதட்டைப் பிதுக்கினார்.
ஒருவர் கழுகைப் பற்றி ஏதோ சொன்னார்.
நோராஷிகின் படத்தைச் சுருட்டப் போனார்.

"ஒரே பறவையை," என்றேன்,
"ஏழு வருடமாகப் பார்த்தால்
அது ஒன்றா, ஏழா?"

சுருட்டிய கை பாதியில் நின்றது.
சம்பல் ஒட்டிய விரலை
யாரோ நக்காமல் வைத்திருந்தார்கள்.
என் சட்டைப் பையின்மேல்
சிவப்பு நூலில் தைத்திருந்த
லிஃப்ட் கம்பெனிப் பெயரை
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு
தர்வேஷ் கேட்டான்:

"எத்தனையாவது மாடி?"