பயன்பாடு: இல்லை

அறிக்கையின் ஏழாம் பக்கத்தில்
எங்கள் பாதைக்கு ஒரே ஒரு வரி.
"ஆற்றுப் புறம்போக்கு. பயன்பாடு: இல்லை."

அதனால்தான் எண்ண உட்கார்ந்தோம்.

நாற்பது பக்க நோட்டு மூன்று வாங்கினோம்.
ஷூ கம்பெனி ஷமீமாவுக்கு ஒன்று,
இலவம்பாடி வேதவல்லிக்கு ஒன்று,
எனக்கு ஒன்று.
நாலரை மணிக்குக் கால்வாய் மதகின் மேல் ஏறிக்கொண்டு
போகிற சைக்கிளுக்குக் கோடு
நடக்கிற ஆளுக்குப் புள்ளி.

முதல் நாள் இருட்டில் காதால்தான் எழுதினேன்.
செயின் கவரில் பெடல் இடித்தால்
பால்காரர் தணிகாசலம்.
சத்தமே இல்லாமல் வரிசையாகக் காற்று நகர்ந்தால்
முதல் ஷிப்ட் பெண்கள், பதினோரு பேர்,
பேசுமளவு தூக்கம் கலையாதவர்கள்.

ஐந்தரைக்கு மேல் பாலாறு தெரியவரும்.
தண்ணீரைத் தனக்கடியில் ஒளித்துவைத்த மணல்.
அதன் ஓரமாகவே, சீமைக்கருவேலத்துக்கு வழிவிட்டு
வளைந்து போகிறது பாதை,
யாரும் போடாதது,
போய்ப்போய் ஆனது.

ஆறேகாலுக்கு எபினேசர்.
கேரியரில் மனைவி, அவர் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.
செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.
பஸ் இருக்கிறதே என்றால்
"பஸ்ஸு தூக்கிப் போடுது. இந்த மண்ணு மெத்த மாதிரி கீது" என்பார்.
இருவருக்கும் சேர்த்து ஒரு கோடா, இரண்டா?
அதற்கு நாங்கள் விதி எழுதியிருக்கவில்லை.

முட்டிவலிக்காகப் பின்னோக்கியே நடக்கிற
ரிட்டையர்டு தலையாரிக்கு
மார்ஜினுக்கு வெளியே வைத்தேன் புள்ளியை.

நாலாம் நாள் ஒருவர் நடந்து வந்தார்,
கையில் மஞ்சள் பெயின்ட் டப்பா.
சர்வே ஆள். ஜீப் மணலில் மாட்டிக்கொண்டதாம்.
"இன்னாம்மா எழுதறே?"
காட்டினேன்.
டப்பாவை இறக்கி வைத்துவிட்டு
பக்கம் பக்கமாகப் பார்த்தார்.
"என்னியும் போட்டுட்டியா?"
போட்டிருந்தேன்.
பிறகு குந்தி, பக்கத்துக் கல்லில் எண் எழுதினார்,
14/3.
கை நடுங்கவில்லை.

ஏழு நாளில் மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கோடு.
புள்ளி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
நாய்களைச் சேர்க்கவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
"இது எந்தப் படிவம்?" என்றார் அதிகாரி.
"படிவம் இல்ல சார், ஆளுங்க" என்றாள் ஷமீமா.
அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை.
குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை
என் நோட்டின் மேலேயே வைத்துவிட்டு
அடுத்தவரைக் கூப்பிட்டார்.
புதன்கிழமை முழுவதும் நீலமாகக் கரைந்து
வட்டமாய் நின்றது.

ஐந்து மாதம் கழித்துப் புது வரைபடம் வந்தது.
நாற்பது மீட்டர் தெற்கே தள்ளியிருந்தார்கள்,
எங்களுக்காக.
பள்ளிகொண்டா வரை மணியடித்துக்கொண்டே போய்
ஜிலேபி தின்றோம், விரல் ஒட்ட ஒட்ட.
தெற்கே என்ன இருக்கிறது என்று
மூன்றாம் நாள்தான் யாரோ கேட்டார்கள்.

சர்வே எண் 212, உட்பிரிவு 2பி.
அரை ஏக்கர், முள்ளுக்கத்திரி.
வேதவல்லியுடையது.

மூன்று நோட்டிலும் அவளுடையதில்தான்
கோடுகள் நேராக இருக்கும்.

இப்போதும் பாதையில் எதிரே வருகிறாள்,
கேரியரில் கத்திரிக்காய் மூட்டை.
மணியடிக்கிறாள், நானும் அடிக்கிறேன்.
பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.
"வெயில் ஏறுது" என்கிறாள்.
வேலூரில் அது எந்த மாதமும் பொருந்துகிற பேச்சு.

நேற்று அவள் நிலத்துக்கே போனேன்.
அவள் நோட்டில் இன்னும் இருபத்தாறு பக்கம் வெள்ளையாக இருந்தது.
எடுத்து வந்து வரப்பில் வைத்தாள்.
"சொல்லு. இங்க இன்னாத்த எண்ணணும்?"

செடியையா, காயையா, மிச்ச நாளையா?
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.
விரலில் ஏறிய கத்திரி முள்
எந்த விரலில் என்றே தெரியவில்லை.