வாயை மூடியபடி

கொணவட்டத்தில் தஸ்தகீர் பட்டறை.
நாலு ஸ்டாண்டின் மேல் என் கார்.
அதன் கீழே அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து
மல்லாந்து கிடக்கிறேன்.

வாரத்தில் ஆறு நாள்
காந்தி நகர் பல் ஆஸ்பத்திரியில்
மற்றவர்கள் மல்லாந்து கிடப்பார்கள்,
நான் குனிந்து பற்காரை சுரண்டுவேன்.
‘ஆ காட்டுங்க, இன்னும் கொஞ்சம்.’
ஞாயிற்றுக்கிழமை இடம் மாறிவிடுகிறது.
இப்போது வாயைத் திறந்தால்
ஐம்பது வருஷத்துத் தார்
நேராக நாக்கில்.

எழுபத்து நாலு மாடல். இரண்டே இருக்கை.
மேலேயிருந்து பார்த்தால்
கல்யாணப் பத்திரிகைச் சிவப்பு.
‘அடியில யாரு மேடம் பாக்கப்போறா?’
என்றான் தஸ்தகீர்.
யாரும் பார்க்காத இடத்தில்தான்
என் சம்பளமே இருக்கிறது:
கடைவாய்ப் பல்லின் பின்புறம்.

கியர்பாக்ஸ் ஒழுகி, ஒழுகலில் தூசி படிந்து,
தூசியின் மேல் மறுபடி ஒழுகி,
அல்வா பதத்தில் ஒரு கட்டி.
டீசல் ஊற்றிக் கரைத்தால் உள்ளே
ஒரு லாட ஆணி,
நாலைந்து ஆட்டு ரோமம்,
பஸ் டிக்கெட்டின் கால் பங்கு.
யாரோ ஒரு புண்ணியவான்
துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் அடித்திருக்கிறான்.
ஹீட் கன் பிடித்ததும்
தோசை கிளம்புவதுபோல் கிளம்பி வந்தது.
இரண்டு இடத்தில் ஸ்க்ரூடிரைவர்
சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.
சொத்தைக்கும் சத்தம் கிடையாது.

‘ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லம்மா,
ஷெட்லயே வளந்த வண்டி’
என்று விற்றார்
விரிஞ்சிபுரம் தணிகாசலம்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டி.
அதன் வடிகால் துளை அடைத்திருந்தது.
டாக்டர் கழித்துப்போட்ட கொக்கி ஊசியை விட்டுக் குடைந்தேன்.
முதலில் ஒட்டடை.
பிறகு வண்டல்,
மைதா சலித்ததுபோல் நைசாக,
என் கழுத்தில், காதில், ஜாக்கெட்டுக்குள்.
நகரத் தோன்றவில்லை.
கொட்டிக்கொண்டே இருந்தது.

பாலாறு.
மணல் லாரிக்காரன்கூட
வேண்டாம் என்று விட்டுப்போன பாலாறு,
அந்த நவம்பரில் இந்த வண்டிக்குள் ஏறி
இறங்க மறந்திருக்கிறது.

அரை பெயிண்ட் டப்பா தேறியது.

‘ராத்திரியும் விளக்குறேங்க’ என்று
என்னிடம் சொல்லாத வாய் இல்லை.
கோபம் வருவதில்லை.
சின்னக் கண்ணாடியைக் காட்டுவேன், அவ்வளவுதான்.
டப்பாவைப் படம் எடுத்து
தணிகாசலத்துக்கு அனுப்பினேன்.
இரண்டு நாள் நீலக் கோடு மட்டும்.
மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது:
அவர் வீட்டுச் சுவர்,
சுவிட்ச் போர்டுக்கு மேலே பழுப்பில் ஒரு கோடு,
கோட்டுக்கு மேலே
மாலை போட்ட சட்டத்துக்குள் யாரோ.
அந்த வீட்டில்
ஏற்கெனவே இறந்தவர் மட்டும் நனையவில்லை.
ஒரு வார்த்தை எழுதவில்லை அவர்.
நானும்.

துருவைக் கறுக்கவைக்கும் மருந்து, ஐநூறு ரூபாய் பாட்டில்.
‘எதுக்கு? பேரணாம்பட்டுல எங்க மாமா
தோல் ஊறவைக்கிற கடுக்காத் தண்ணி போதும்.’
லேபிளைப் படித்தேன். பொடி எழுத்தில் டானின்.
இடது பக்கம் பாட்டில், வலது பக்கம் கடுக்காய்.
மறுநாள் காலை இரண்டும் ஒரே கறுப்பு.
தஸ்தகீர் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டான்.

ஓட்டைக்கு ஒட்டு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து,
அதன் மேல் கறுப்பு, பெட்டிக்குள் மெழுகு.
இறக்குமுன் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
என்னைத் தவிர
யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது.
பிறகு தஸ்தகீரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

டப்பா பட்டறையிலேயே இருக்கிறது.
அதில் சிகரெட் அணைக்கிறான்.

பதினாலாவது ஞாயிறு
காட்பாடிக்குக் கிளம்பினேன், கூரையை மடித்துவிட்டு.
சேண்பாக்கத்தில் நேற்று ராத்திரி போட்ட வேகத்தடை,
வெள்ளைக் கோடுகூட இல்லை.
கர்ர்ர்ர் என்று
அடியில் நீளமாக ஒரு சத்தம்.

எனக்குப் பல் கூசியது.