செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு

தர்கான் நகரத்தில் வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
செவிலியர் கல்லூரியின் மூன்றாம் மாடியில்
ஒரு விளக்கு மட்டும்.
கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்,
நாளை இங்கே உட்காரப்போகிறவரின்
கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு.

பலகையில் நான் எழுதியிருப்பது
இங்கிருந்து எறும்பு ஊர்ந்த தடம்.
எழுந்துபோய் அழித்தேன்.
பெரிதாக எழுதினால் பாதிதான் கொள்கிறது.
சரி, பாதி போதும்.

போன வருஷம்
நாளங்களின் பெயர்களை நாற்பது நிமிஷம் சொன்னேன்.
அழகாகத்தான் சொன்னேன்.
ஊசியைக் கையில் எடுத்தபோது மணி அடித்துவிட்டது.
அடுத்த வாரம் மருத்துவமனையில்
ஒரு லாரி ஓட்டுநரின் கையில்
என் மாணவி ஏழு முறை குத்தினாள்.
அவர் திட்டவில்லை.
ஏழாவது குத்துக்குப் பிறகு,
"இதை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையாம்மா?"
என்று கேட்டாராம், ரொம்ப மெதுவாக.
கேள்வி அவளுக்கு. உறைத்தது எனக்கு.

ஆகவே இந்த வருஷம் தாளை அடியிலிருந்து எழுதினேன்.
வகுப்பு முடிந்து படியிறங்கும்போது
அவர்கள் விரல்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?
அது கடைசி வரி.
அங்கிருந்து மேலே ஏற ஏற
எத்தனை பெயர்கள் உதிர்ந்தன!
மிஞ்சியவை மூன்று.
உதிர்ந்தவற்றில் ஒன்றிரண்டு
எனக்கு ரொம்பப் பிடித்தவை.

வருவது பத்தொன்பது பேர். ரப்பர் கைகள் ஆறு.
பீட்ரூட் சாறு ஊற்றிப் பார்த்தேன்;
ஒன்று ஒழுகி என் வெள்ளைக் கோட்டுக்கு ரத்ததானம் செய்தது.
ஐந்து கைகள், கைக்கு மூன்று பேர், மீதி நால்வர்.
சும்மா நிற்கிறவர் மனசு சன்னல் வழியே போய்விடும்.
அந்த நால்வர்
ஒருவர் முழங்கையை ஒருவர் தடவித் தேடட்டும்.
ஊசி வேண்டாம். வெறும் விரல்.

பேருந்துக்குக் காத்து நின்று வருகிறவர்களின் கையில்
குளிருக்குப் பயந்து நாளங்கள் ஒளிந்திருக்கும்.
முதல் பத்து நிமிஷம் பேசினில் வெந்நீர்,
வேறு பாடமில்லை.
கெட்டில் சோம்பேறி; எட்டு இருபதுக்கே போட வேண்டும்.
சாவிக்குக் காவலாளி லுவ்சானிடம் சொல்லியாயிற்று.

எல்லாம் முடிந்தது என்று பையை எடுத்தேன்.
வருகைப் பதிவேட்டில் அந்தக் கையெழுத்து,
காற்றுக்கு எதிராக நடப்பதுபோல் சாய்ந்து.
நமூந்தாரி. இடக்கைக்காரி.
இருபத்திரண்டு வருஷமாக
"வலக்கையில் பிடி" என்றே
தொடங்கிக்கொண்டிருக்கிறேன்.

பையை வைத்தேன்.
ஊசியை இடக்கையில் எடுத்தேன்.
கட்டைவிரலுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.
முதல் குத்து மேசையில்.
இரண்டாவது, ரப்பர் கையைத் தாங்கியிருந்த என் விரலுக்கு
ஒரு மயிரிழை பக்கத்தில்.
ஐந்தாவதில் காதோரம் வியர்த்தது,
இந்தக் குளிரில்.
யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று
பெருமூச்சு விடுவதுபோல் இருந்தது.
அந்தப் பெருமூச்சு எனக்குப் பழக்கம்;
நான் விடுவது.

ஒன்பதாவதில்
குழாயில் சாறு சிவப்பாக ஏறியது.
கத்திவிட்டேன்.
லுவ்சான் டார்ச்சோடு படியேறி வந்து நின்றார்.
"திருடனா?"
"இல்லை. கிடைத்துவிட்டது."
கோட்டைப் பார்த்தார், கறையைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

ஒன்பது ஐம்பது என்ற இடத்தில்
பென்சிலால் எழுதினேன்:
இடக்கையில் நான் செய்து காட்டுவது.
தப்பினால் தப்பட்டும், மறைக்கக் கூடாது.
அதற்குக் கீழே ஐந்து நிமிஷத்தை
வெறுமையாக விட்டேன்.
நிரப்பக் கை பரபரத்தது.
பென்சிலைப் பைக்குள் போட்டேன்.

விளக்கை அணைக்கும் முன்
கெட்டிலைத் தூக்கிப் பார்த்தேன்.
தண்ணீர் இல்லை.