புறப்பாடு ஞாயிறு, வருகை சனி

ஆபியாவிலிருந்து பாகோ பாகோவுக்கு
நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம்.
நாற்பது நிமிடம்; எதிர்க்காற்று அடித்தால்
இன்னும் ஐந்து.
நடுக்கடலில் ஒரு கோடு இருக்கிறதாம்.
பதினோரு வருடமாக இந்தக் கவுன்டரில் இருக்கிறேன்,
அதைப் பார்த்ததாகச் சொன்ன பைலட் ஒருவருமில்லை.
ஞாயிறு பத்து மணிக்கு ஏறுகிறவர்
சனி பத்து நாற்பதுக்கு இறங்குவார்.
அவ்வளவுதான்.

என் வேலை எடை போடுவது.
பத்தொன்பது இருக்கைக்கு ஆளும் சரக்குதான்.
பாதிரியாரை நிறுத்திருக்கிறேன்,
கோழிக்கூண்டும் கையுமாய் ஒரு மணமகளையும்.

தாலெஃபிலி வந்த அன்று
தலைமுடி ஈரம், கவுன் கறுப்பு,
மார்போடு அணைத்த பாய்ச்சுருள்:
பட்டுப்போல் முடைந்த, சாவு வீட்டுக்கான பாய்.
"இதையும் சேர்த்தா?"
சேர்த்துத்தான். நூற்றொன்று.

விடிகாலை ஆறு மணிக்குச் செய்தி.
தம்பி இயாகொப்போ, அங்கே
டூனா டப்பா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து
பஸ்ஸுக்கு நின்றவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

டிக்கெட்டை நீட்டினேன்.
வருகைத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.
"சனிக்கிழமையில் அவன் இருப்பானா?"

எனக்கு வாய் வரவில்லை.

"மடச்சி" என்று தன்னையே சொல்லிக்கொண்டு
தராசிலிருந்து இறங்கினாள்.

புதன் அங்கே ஏறி வியாழன் இங்கே இறங்கியபோது
வேறு இரண்டு பாய்கள், ஒரு சண்டை.
கல்லில் எந்தத் தேதி?
செத்தது சனிக்கிழமை என்கிறாள் மத்தலேனா,
அவன் பெண்டாட்டி, பக்கத்தில் இருந்தவள்.
ஞாயிறு என்கிறாள் இவள்:
"போன் வந்தபோது கோயில் மணி அடித்தது,
என் காதால் கேட்டேன்."
இரண்டும் ஒரே நிமிடம் என்று
காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.
காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்,
ஒப்புக்கொள்ளவில்லை.

வருடம் திரும்பியது.
பதினாலாம் தேதி ஆறு மணிக்கு இங்கே ஜெபம்,
பத்து மணி விமானம்,
பதின்மூன்றாம் தேதி மதியம் அங்கே பந்தி.
"இரண்டிலும் உட்காரணும்."

புதுக் கம்ப்யூட்டர் சிவப்பில் எழுதியது:
வருகை, புறப்பாட்டுக்கு முன் இருக்க முடியாது.
மூன்று முறை எழுதியது.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"ஸ்கூலுக்கு லேட், கல்யாணத்துக்கு லேட்.
இதற்கு மட்டும் ஒரு நாள் முன்னாலேயே
போய் நின்றுவிட்டான், பாவி."

பழைய ரசீதுக் கட்டைத் தேடி எடுத்து
பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.
நான் சொல்லாமலே தராசில் ஏறினாள்.
தொண்ணூற்றாறு.
இந்த முறை பாய் இல்லை.
சேம்பிலையில் பொதிந்த தேங்காய்ப்பால் பொட்டலம்,
காலையில் கல்லடுப்பில் வெந்தது,
கைக்குட்டை தாண்டிச் சுட்டது.
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"சீக்கிரம் விடச் சொல்" என்றாள்,
"ஆறுவதற்குள்
நேற்றுக்குப் போய்ச் சேரணும்."